இல்லாத இருபத்தேழு ஒற்றர்கள்

ஒற்றாடல் என்று ஓர் அதிகாரத்தையே பொருட்பாலில் வகுத்து வைத்தவர் வள்ளுவர். அதிலே அவர் அரசனுக்குக் கூறும் எச்சரிக்கைகளுள் இரண்டு இங்கே நினைக்கத்தக்கன. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை அப்படியே நம்பிவிடாது, வேறோர் ஒற்றனை ஏவி அதனைச் சரிபார்த்தல் வேண்டும் என்பது ஒன்று. ஒருவரையொருவர் அறியாத மூவரை ஆளுதல் வேண்டும். மூவர் சொல்லும் ஒத்திருப்பின் அதனைத் தெளியலாம் என்பது மற்றொன்று.

வகுப்பிலே இவ்வதிகாரத்தைப் படிப்பிக்கும்போது துடுக்கான மாணவன் எவனாவது ஒருவன் எழுந்து கேட்பதுண்டு: அந்த மூவரையும் பகைவனே வைத்து ஆட்டுவானாயின் அரசன் என் செய்வான்? நல்ல கேள்வி. இரண்டாம் உலக மகாயுத்தத்திலே ஜேர்மனிய வேவுத்துறைக்கு நேர்ந்தது இதுவேயாம். இங்கிலாந்திலே தனக்கு மூவர் அன்றிப் பலர் இருக்கின்றனர் என்று அத்துறை உறுதியாக நம்பியிருந்தது. அவர்கள் எல்லோருடைய சொல்லும் ஒத்திருந்தது. ஒத்திராமல் என் செய்யும்? அவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தது இலண்டனிலிருந்த ஒரே காரியாலயம்.

ஒற்றர் என்றவுடன் நம் இளைஞர் மனத்திலே சினிமாப் படங்கள் தோன்றும். கைத்துப்பாக்கி, விரைந்தோடும் மோட்டார் வண்டி, மயக்கும் மங்கை ஆகியன இன்றி அவர்களுக்கு ஒற்றன் இல்லை. நாம் இங்கே சொல்லப்போகும் மனிதரிடம் இவற்றுள் ஒன்றும் இருக்கவில்லை. அவரிடம் இருந்தவை பேனா, காகிதம், கற்பனை, பிடிவாதம் ஆகிய நான்குமே.

கோழிப்பண்ணைக்காரர்

ஹுவான் பூஜோல் கார்சியா என்பது அவர் பெயர். 1912ஆம் ஆண்டில் ஸ்பானிய நாட்டின் பார்சலோனா நகரிலே, சாயத் தொழிற்சாலை ஒன்றின் சொந்தக்காரருக்கு மகனாகப் பிறந்தவர். கோழி வளர்ப்பை முறையாகக் கற்று, கோழிப்பண்ணை ஒன்றையும் நடத்திப் பார்த்தார். 1936இல் ஸ்பானியாவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. இரு தரப்புப் படைகளிலும் அகப்பட்டு, இரு தரப்பையும் வெறுத்து, இரு தரப்புக்கும் ஒரு குண்டேனும் சுடாமல் வெளியேறியதைப் பிற்காலத்திலே பெருமையோடு சொல்லிக்கொண்டார். பொதுவுடைமைச் சர்வாதிகாரம், பாசிசச் சர்வாதிகாரம் இரண்டிலும் அவருக்கு ஒரே அளவு அருவருப்பு. பின்பு மாட்ரிட் நகரிலே ஹோட்டல் ஒன்றின் நிர்வாகியாக இருந்தார்.

ஹிட்லரை எதிர்த்து நிற்கும் நாடு பிரித்தானியா ஒன்றே என்று கண்ட அவர், 1941இன் தொடக்கத்திலே மாட்ரிட்டிலிருந்த பிரித்தானிய ஸ்தானிகராலயத்தை அணுகித் தம்மை ஒற்றராகச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்பித்தார். முன்பின் அறியாத ஒரு கோழிப்பண்ணைக்காரரை அங்கே எவர் மதிப்பர்? திருப்பி அனுப்பிவிட்டனர். மீண்டும் முயன்றார், மீண்டும் அதுவே மறுமொழி.

இந்நிலையில் வேறெவரும் வீட்டுக்குத் திரும்பியிருப்பர். பூஜோல் ஜேர்மனியரிடம் போனார். தாம் நாசிக் கொள்கையிலே பித்துக்கொண்ட ஸ்பானிய உத்தியோகத்தர் என்றும், அரசாங்க அலுவலாக இங்கிலாந்து செல்ல வாய்ப்புண்டு என்றும் அளந்தார். பொய்யான பத்திரம் ஒன்றையும் காட்டினார். அவர்கள் நம்பினர். கண்ணுக்குத் தெரியாத மையும், மறைமொழியும், 600 பவுண் பணமும் கொடுத்து, "அரபெல்" என்ற இரகசியப் பெயரும் சூட்டி, இலண்டனுக்குச் சென்று எழுதுமாறு பணித்தனர்.

அவர் இலண்டனுக்குச் செல்லவில்லை. போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனிலே இறங்கி, அங்கேயே தங்கிவிட்டார்.

இங்கிலாந்தை ஒருநாளும் கண்டறியாத மனிதர், ஆங்கிலமும் அறியாதவர், லிஸ்பன் பொது நூல்நிலையத்திலே அமர்ந்துகொண்டு இங்கிலாந்திலிருந்து எழுதுவதாகக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். பிரயாணிகளுக்கான வழிகாட்டி நூல் ஒன்று, தேசப்படம் ஒன்று, புகையிரத நேர அட்டவணை ஒன்று ஆகியனவே அவருடைய இங்கிலாந்து. சினிமாச் செய்திப் படங்களிலிருந்தும் சில விவரங்களைப் பொறுக்கினார். விமானி ஒருவன் தம் கடிதங்களைக் கொண்டுவந்து லிஸ்பனிலே தபாலிற் சேர்க்கிறான் என்று கதை கட்டியமையால், கடிதங்கள் லிஸ்பன் முத்திரையோடு வருவதற்கும் காரணம் கிடைத்தது.

தவறுகளுக்குக் குறைவில்லை. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே ஒரு லீற்றர் திராட்சை மதுவுக்காக எதையும் செய்யக்கூடிய ஆட்கள் உளர் என்று எழுதினார். பியரும் விஸ்கியும் குடிக்கும் ஸ்கொத்லாந்துத் தொழிலாளி திராட்சை மதுவைக் கண்ணாற் காண்பதே அரிது. லீற்றர் என்ற அளவும் அந்நாட்டில் வழங்கவில்லை. பவுண், ஷிலிங், பென்ஸ் கணக்கோ அவருக்கு இறுதிவரை பிடிபடவில்லை. பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷிலிங், இருபது ஷிலிங் ஒரு பவுண் என்ற அந்தப் பழைய கணக்கை நம் பாட்டன்மார் பள்ளிக்கூடத்திலே பிரம்படி வாங்கிக் கற்றனர். பூஜோல் அதற்கு ஓர் உபாயம் கண்டார்: செலவுகளை ஒவ்வொன்றாக எழுதினார், கூட்டுத்தொகையைப் பின்னர் அனுப்புவதாகச் சொல்லித் தப்பிக்கொண்டார்.

ஜேர்மனியர் இவற்றுள் ஒன்றையும் கவனிக்கவில்லை. மாட்ரிட்டிலே இவரைப் பொறுப்பேற்றிருந்த அதிகாரி கார்ல் எரிக் கூலந்தால் என்பவருடைய பாட்டி யூத குலத்தவர். ஹிட்லரின் ஆட்சியிலே அதன் பொருள் யாதென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலிடத்தாரின் மதிப்பை இழந்தால் தம் கதி என்னவாகும் என்ற அச்சத்திலே வாழ்ந்த அம்மனிதருக்கு, இங்கிலாந்திலே சிறந்த ஒற்றர் ஒருவர் இருந்தேயாக வேண்டும். ஆதலால் இருந்தார்.

இருபதின் குழு

இனி இலண்டனுக்குப் போவோம். 1940இல் ஜேர்மனி வானத்திலிருந்தும் கடல் வழியாகவும் அனுப்பிய ஒற்றர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டனர். சிலர் தூக்குமேடைக்குப் போயினர். வேறு சிலர், பிரித்தானியர் எழுதிக்கொடுக்கும் செய்திகளைத் தம் வானொலிக் கருவியிலே தம் பழைய எசமானருக்கு அனுப்ப இணங்கினர். எம்.ஐ. 5 என்னும் பாதுகாப்புப் பிரிவிலே இவர்களை நடத்தும் பொறுப்பு ரொபேட்சன் என்னும் இராணுவ அதிகாரியுடையது.

பகைவனை ஏமாற்றுவதற்குப் பொய் மாத்திரம் போதாது, உண்மையும் வேண்டும். எந்த உண்மையைப் பகைவனுக்கு விட்டுக்கொடுப்பது? எந்தக் கப்பலைக் குறிப்பிடுவது, எந்தத் தொழிற்சாலையை மறைப்பது? இவற்றைத் தீர்மானிப்பதற்கு ஒரு குழு அமைந்தது. உரோம எண்ணிலே இருபதைக் குறிக்க இரண்டு பெருக்கற் குறிகளை இடுவர். இரட்டைச் சிலுவை என்னும் பொருள்பட ஆங்கிலத்திலே வழங்கும் தொடர் துரோகத்தைக் குறிப்பது. அந்தச் சிலேடையை நினைந்தே இதனை இருபதின் குழு என்றனர். 1941 ஜனவரி 2ஆம் திகதி முதன்முறை கூடிய அக்குழு, யுத்தம் முடியும்வரை வாரந்தோறும் கூடியது.

அதன் தலைவர் யார்? ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையிலே சரித்திரம் போதித்த ஜோன் மாஸ்ரர்மன். ஆசிரியத் தொழிலைச் சேர்ந்த எமக்கு இது சிறிது மகிழ்ச்சியே தருகிறது. கிரிக்கெற் ஆடுவதிலும் துப்பறியும் கதை எழுதுவதிலும் வல்லவர் அவர். முதலாம் மகாயுத்தம் மூண்டபோது ஜேர்மனியிலே அகப்பட்டு, நான்கு வருடம் அங்கே தடுப்புமுகாமிற் கழித்தவர். ஜேர்மனியர் மனத்தை அங்கே படித்திருத்தல் வேண்டும். பங்கீட்டுக் காலமாயினும் ஒவ்வொரு கூட்டத்திலும் தேநீரும் ஒவ்வொருவருக்கு ஒரு பணிசும் கிடைக்கும்படி அவர் பார்த்துக்கொண்டாராம். கோபக்காரப் படையதிகாரிகளைத் தவறாது வரச்செய்ய இதைவிடச் சிறந்த தந்திரம் இருந்திருக்க முடியாது. பகைவனுக்கு ஊட்டிய சில்லறை உண்மைகளுக்கு அவர்கள் வழங்கிய பெயர் கோழித்தீன்.

ஆனால் ஊட்டியதைப் பகைவன் விழுங்கினானா, துப்பினானா என்று அறிவது எங்ஙனம்? இங்கேதான் இம்முயற்சியின் உயிர்நிலை இருந்தது. பிளெச்லி பூங்கா என்னும் இடத்திலே அமர்ந்திருந்த மறைமொழி அறிஞர், ஜேர்மனிய வேவுத்துறையின் கைமறைமொழிகளை 1940இலும், அத்துறை வழங்கிய "எனிக்மா" இயந்திரத்தின் மறைமொழியை 1941 டிசம்பரிலும் உடைத்துவிட்டனர். இங்கிலாந்திலிருந்து போன பொய் மாட்ரிட்டை அடைந்து, அங்கிருந்து பெர்லினுக்கு அனுப்பப்படும்போது அதனை இலண்டன் மீண்டும் படித்தது. ஜேர்மனியர் எதனை நம்பினர், எதனை ஐயுற்றனர், அடுத்து எதனை அறிய விரும்பினர் என்பன யாவும் தெரிந்தன. பரீட்சை மண்டபத்திலே மாணவன் எழுதும்போதே அவன் தோளுக்கு மேலால் விடைத்தாளைப் பார்ப்பது போன்றது இது.

அவ்வாறு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் "அரபெல்" என்னும் பெயர் அவர்கள் கண்ணிற் பட்டது. இங்கிலாந்திலே தாம் அறியாத ஒற்றன் ஒருவன் உளனா என்று திடுக்கிட்டனர். அவன் எழுதியவற்றைப் படித்தபோது திகைப்பு வேறுவிதமாயிற்று. இவன் இங்கிலாந்தையே காணாதவன் என்பது தெளிவாகியது. 1942இன் தொடக்கத்திலே லிவர்பூலிலிருந்து மோல்ற்றாத் தீவுக்குக் கப்பற்கூட்டம் ஒன்று புறப்பட்டதாக அவர் எழுதினார். அப்படி ஒரு கூட்டம் புறப்படவில்லை. ஆயினும் அதனை மறிப்பதற்கு ஜேர்மனியர் பெருமுயற்சி செய்தனர். இதற்குள் பூஜோலின் மனைவி அரசெலி, லிஸ்பனிலிருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவரை அணுகி வழி திறந்துவிட்டார். 1942 ஏப்ரில் மாதத்திலே பூஜோல் இலண்டன் வந்து சேர்ந்தார். ஒற்றர் நடிப்பிலே அவரை விஞ்சியவர் இலர் என்று கருதிய எம்.ஐ. 5, புகழ்பெற்ற நடிகையின் பெயரையே அவருக்கு இட்டது: "கார்போ".

வீட்டிலிருந்து ஒரு சாம்ராச்சியம்

அவரை நடத்துவதற்கு அமர்த்தப்பட்டவர் தொமாஸ் ஹரிஸ். ஓவிய வியாபாரி, தாயார் ஸ்பானியர், ஸ்பானிய மொழியைத் தாய்மொழி போலவே பேசுபவர். இவ்விருவரும் மூன்று வருட காலம் நாள்தோறும் கூடியிருந்து செய்த வேலையை எப்படி வருணிப்பது? ஒரு பெருங்கதையை இருவர் சேர்ந்து எழுதினர் என்பதே பொருந்தும். பூஜோல் கைப்பட எழுதிய கடிதங்கள் 315. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2,000 சொற்கள். ஆறு இலட்சம் சொற்களுக்கு மேல்! வேண்டுமென்றே சுற்றிவளைத்த, அலங்காரம் மிகுந்த நடையிலே அவற்றை அமைத்தனர். மேலாக வீட்டுச் செய்தி சொல்லும் சாதாரண மை. வரிகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத மை. 1943 மார்ச் மாதம் முதல் வானொலியும் சேர்ந்தது.

அக்கதையின் பாத்திரங்கள் 27 பேர். ஒருவரும் உயிருள்ளவர் அல்லர். ஜிப்ரோல்ரரிலிருந்து வந்த உணவுச்சாலைப் பணியாளன், வெனிசுவேலா நாட்டு மாணவன், வாயாடியான இராணுவச் சார்ஜன், கடலோடி என்று ஒவ்வொருவருக்கும் குணம், குறை, சம்பளம் எல்லாம் உண்டு. ஒருவன் சோம்பேறி, ஒருவன் பேராசைக்காரன். செய்தி பிழைத்தால் பழியை ஏற்பதற்கும் ஆள் இருந்தது. லிவர்பூல் நகரிலே ஒரு பாத்திரம் வாழ்ந்துகொண்டிருந்தது. 1942இன் பிற்பகுதியில் வட ஆபிரிக்காவுக்குச் செல்லும் படைக்கப்பல்கள் அந்தத் துறைமுகத்திலே கூடப்போவது தெரிந்தது. அங்கிருப்பவன் அதனைக் காணாதிருக்க முடியாது. கண்டால் எழுதாதிருக்க முடியாது. என் செய்வது? அவனை நோயில் வீழ்த்திச் சாகடித்தனர். உள்ளூர்ப் பத்திரிகையிலே மரண அறிவித்தலும் வெளியாயிற்று. அதனைக் கத்தரித்து மாட்ரிட்டுக்கு அனுப்பவே, ஜேர்மனியர் அனுதாபம் தெரிவித்து, இல்லாத அவன் மனைவிக்கு உபகாரப் பணமும் அனுப்பினர். அந்த விதவையும் பின்னர் வேலையிற் சேர்ந்தாள்!

வட ஆபிரிக்கப் படையெடுப்பைப் பற்றி மிகத் திருத்தமான கடிதம் ஒன்றும் போயிற்று. படை இறங்குவதற்கு முந்திய திகதியிட்ட தபால் முத்திரை. போய்ச் சேர்ந்ததோ இறங்கிய பின்பு. உண்மை சொன்ன புகழ் கார்போவுக்கு, பயன் ஒன்றும் இல்லை ஜேர்மனிக்கு. தபாலின் தாமதத்துக்காக வருந்திய மாட்ரிட், செய்தியின் அருமையைப் பாராட்டி எழுதியது.

நம் நாட்டு வாசகர் அறிய வேண்டிய பாத்திரம் ஒன்றும் இக்கூட்டத்தில் இருக்கிறது. வேல்ஸ் நாட்டிலே "ஆரிய உலக ஒழுங்குச் சகோதரர்" என்று ஒரு கற்பனைச் சங்கம். அதில் இந்தியக் கவிஞன் ஒருவன், பெயர் ராக்ஸ். அவனுடைய காதலி தெரெசா ஜார்டின் என்பவள் கடற்படை மகளிர் பிரிவிலே சேர்ந்து, 1944இலே இலங்கைக்கு மாற்றப்பட்டாள் என்பது கதை. அவ்வாண்டிலே தென்கிழக்காசியப் படைத்தலைவர் மவுன்ற்பேட்டன் பிரபுவின் தலைமைக் காரியாலயம் தில்லியிலிருந்து கண்டிக்கு வந்து, பேராதனைப் பூந்தோட்டத்திலே அமைந்திருந்தது. தெரெசா அங்கிருந்து தன் நண்பர் கார்போவுக்கு இரகசிய மையிலே கடிதம் எழுதுவாள். கார்போ அதனை ஜேர்மனியருக்குத் தெரிவிப்பார். அவர்கள் மூலம் யப்பானியரும் ஏமாறுவர் என்பது நோக்கம். கண்டித் தெருக்களிலே அப்படி ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒருநாளும் நடக்கவில்லை.

இவர்கள் எல்லோருக்குமாக ஜேர்மனி அனுப்பிய சம்பளமும் செலவும் யுத்த முடிவிலே 340,000 அமெரிக்க டொலர் வரை வந்தன. தன்னை ஏமாற்றும் செலவையும் பகைவனே கொடுத்தான்.

அரசெலியின் கதை

இதுவரை சொன்னவற்றைப் படித்துச் சிரிக்கலாம். இனிச் சொல்வது சிரிப்புக்குரியதன்று. இலண்டனின் ஹென்டன் பகுதியிலே ஒரு சிறு வீட்டிலே இரு சிறு பிள்ளைகளோடு அரசெலி வைக்கப்பட்டிருந்தார். ஆங்கிலம் தெரியாது. இரகசியம் வெளிப்பட்டுவிடும் என்று ஸ்பானியர் எவரோடும் பழக அனுமதி இல்லை. கணவர் காலையிலே போய் இரவிலே வருவார். மக்கரோனியும் உருளைக்கிழங்கும் அளவுக்கு மிஞ்சியிருந்தன, மீன் கிடைப்பதில்லை. தாயாரை ஒருமுறை பார்த்துவர வேண்டும் என்று கெஞ்சினார். மறுத்தனர்.

1943 ஜூன் மாதத்தில் ஒருநாள் அவர் பொறுமை இழந்தார். ஊருக்குப் போகவிடாவிட்டால் ஸ்பானிய ஸ்தானிகராலயத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக ஹரிஸுக்கு எச்சரிக்கை விடுத்தார். ஸ்பானிய அரசு ஹிட்லருக்கு நட்பு. சொல்லியிருந்தால் இருபதின் குழுவின் வேலை முழுவதும் அன்றோடு பாழ்.

அப்போது ஓர் உபாயம் வகுத்தவர் வேறெவருமல்லர், கணவரே. அரசெலியின் நடத்தை காரணமாகத் தாம் கைதுசெய்யப்பட்டதாக நாடகம் ஆடச்செய்தார். ஒற்றரை அடைத்துவைக்கும் முகாமுக்கு அப்பெண்ணைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோயினர். அங்கே சிறையுடையிலே, சவரம் செய்யாத முகத்தோடு கணவர் கொண்டுவந்து நிறுத்தப்பட்டார். அரசெலி அழுதார், இனி ஒருபோதும் இடையூறு செய்வதில்லை என்று கையொப்பமிட்டார். மறுநாள் "விடுதலையான" கணவர் வீடு திரும்பினார்.

இதனைச் சாதுரியம் என்று புகழ்ந்த நூலாசிரியர்கள் உளர். எம்மால் அவ்வாறு புகழ இயலவில்லை. ஆயிரக்கணக்கான உயிர்கள் அவ்விரகசியத்திலே தொங்கின என்பது உண்மை. ஆயினும் லிஸ்பனிலே கதவைத் திறந்துவிட்டவர் அப்பெண். வழி திறந்தவருக்குக் கிடைத்த பரிசு இது. பாதுகாப்புப் பிரிவின் இக்கோவைகள் 2016இலேதான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. அதுவரை அரசெலி, கார்போவின் கதையில் ஓரத்தில் நின்ற ஒருவராகவே இருந்தார்.

கலேயா, நோர்மண்டியா?

1944. பிரான்ஸின் கரையிலே நேசநாட்டுப் படை இறங்கப்போகிறது என்பது உலகறிந்த செய்தி. எங்கே இறங்கும்? இங்கிலாந்துக்கு மிக அண்மையிலுள்ளது கலே துறைப் பகுதி. ஜேர்மனியரின் பதினைந்தாவது இராணுவம் அங்கே காத்து நின்றது. நேசநாட்டார் தெரிந்தெடுத்ததோ நோர்மண்டி. கலேக்கே வரப்போகிறார்கள் என்று நம்பச் செய்தல் வேண்டும். அதனினும் கடினம், நோர்மண்டியில் இறங்கிய பின்பும் அவ்வாறே நம்பச் செய்தல்.

அதற்காக ஓர் இல்லாத சேனை படைக்கப்பட்டது. முதலாவது அமெரிக்க இராணுவத் தொகுதி என்பது பெயர். தலைவர் ஜெனரல் பற்றன். இறப்பரிலே காற்றடைத்த தாங்கிகளும், மரத்தாலும் துணியாலும் ஆன படகுகளும், ஓயாத வானொலிப் பேச்சும் இங்கிலாந்தின் தென்கிழக்கிலே அச்சேனைக்கு உருவம் கொடுத்தன. ஆனால் கண்டவர் சொல்ல வேண்டுமே! கார்போ சொன்னார். "புரூட்டஸ்" என்னும் போலந்து அதிகாரி சொன்னார். 1940இல் வானத்திலிருந்து குதித்துப் பிடிபட்ட "டேற்" சொன்னார். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்திருந்தது, பெர்லின் தெளிந்தது. ஜனவரி முதல் படையெடுப்பு நாள்வரை கார்போவின் வானொலி மாத்திரம் 500க்கு மேற்பட்ட செய்திகளை அனுப்பியது.

ஏப்ரில் இறுதியிலே ஒரு பேரிடி. ஜேர்மனிய வேவுத்துறையிலிருந்தே பிரித்தானியருக்கு உதவிய ஜோகான் ஜெப்சன் என்பவரை அவருடைய ஆட்களே லிஸ்பனிலே ஏமாற்றிப் பிடித்துப் பெர்லினுக்குக் கொண்டுபோயினர். அவருடைய நண்பர் "ட்ரைசிக்கிள்" இரட்டை ஒற்றர் என்பதை அவர் அறிவார். கார்போவின் கூட்டம் முழுவதும் போலி என்பதையும் ஊகித்திருந்தார். சித்திரவதையிலே ஒரு சொல் சொன்னால் போதும். ஒற்றர் அனைவரும் கலே என்று சொல்வதே, கலே அன்று என்பதற்குச் சான்றாகிவிடும். மே மாதம் முழுவதும் மாஸ்ரர்மனும் ரொபேட்சனும் எவ்வாறு உறங்கினரோ! மறைமொழிச் செய்திகளிலே மாற்றம் ஏதும் தோன்றவில்லை. ஜெப்சன் சொல்லவில்லை. யுத்தத்தின் பின்பு அவரை எவரும் காணவுமில்லை. கோழித்தீனும் கற்பனைப் பாத்திரங்களும் நிறைந்த இக்கதையிலே, உடம்பாலே விலை கொடுத்தவர் அவர்.

ஜூன் 6ஆம் திகதி வந்தது. கார்போவின் புகழைக் காப்பதற்காக, படை இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு உண்மையையே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தனர். அந்நேரத்தில் சொன்னால் ஜேர்மனியர் ஒன்றும் செய்ய முடியாது. முகாமிலிருந்த படைவீரருக்கு வாந்திப் பைகளும் கொடுக்கப்பட்டு அவர்கள் புறப்பட்டுவிட்டனர் என்ற செய்தியோடு அதிகாலை 3 மணிக்கு மாட்ரிட்டை அழைத்தனர். மறுமொழி இல்லை. காதில் கருவி வைத்து விழித்திருக்க வேண்டிய ஜேர்மனியன் அங்கே இல்லை! விடிந்து நெடுநேரம் கழித்தே மறுமொழி வந்தது. அதற்குள் கரை எங்கும் போர். கார்போ விடுவாரா? தாம் உயிரைப் பணயம் வைத்து அனுப்பிய செய்தியை இப்படி வீணாக்கினீரே என்று கடுங்கோபம் காட்டி எழுதினார். பாவம், மாட்ரிட் மன்னிப்புக் கேட்டது.

முக்கியமான அடி அதன் பின்பே விழுந்தது. ஜூன் 9ஆம் திகதி நள்ளிரவு கடந்ததும் தொடங்கிய ஒரு செய்தி, இரண்டு மணி நேரம் நீடித்தது. தம் ஒற்றர்களை எல்லாம் அழைத்து ஆராய்ந்ததாகவும், பற்றனின் சேனை அசையவேயில்லை என்றும், நோர்மண்டி வெறும் கவனத் திருப்பம். பேரடி கலேயிலே விழும் என்றும் கார்போ அதிலே எழுதினார். பகைநாட்டுத் தலைநகரிலிருந்து இரண்டு மணி நேரம் இடைவிடாது வானொலி அனுப்பும் ஒற்றன் பிடிபடாதிருப்பது எங்ஙனம் என்று ஒரு ஜேர்மனியனாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. செய்தி ஹிட்லரின் தலைமைக் காரியாலயம் வரை ஏறியது. அங்கே அடிக்கோடிட்டுப் படிக்கப்பட்டது. பெல்ஜியத்திலிருந்து நோர்மண்டிக்கு நகர்ந்துகொண்டிருந்த முதலாம் எஸ்.எஸ். கவசப் படைப்பிரிவை நிறுத்தும் கட்டளை அடுத்த நாளே பிறந்தது.

அந்த ஒரு செய்தியே யாவற்றையும் செய்தது என்பது மிகை. ஜேர்மனியத் தலைமை ஏற்கனவே கலேயை எதிர்பார்த்தது. விமானக் குண்டுவீச்சும் வானொலிப் பாசாங்கும் அதே எண்ணத்தை வளர்த்தன. கார்போ செய்தது, அவர்கள் நம்ப விரும்பியதற்கு நம்பத்தகுந்த சாட்சி சொன்னது. ஆயினும் விளைவைப் பாருங்கள். இருபதுக்கு அண்மிய எண்ணிக்கையான படைப்பிரிவுகள், நோர்மண்டியிலே தம் தோழர் மடிந்துகொண்டிருக்க, வராத சேனையை எதிர்பார்த்துக் கலே வட்டாரத்திலே வாரக்கணக்காகக் கடலைப் பார்த்து நின்றன. கரையிலே கால் ஊன்றத் தவித்த நேசநாட்டு வீரருக்கு ஒவ்வொரு நாளும் உயிர்நாள்.

பொய் வெளியான பின்பாவது ஒற்றரை ஐயுற்றனரா? ஜூலை இறுதியிலே இரும்புச் சிலுவைப் பதக்கம் கார்போவுக்கு வழங்கப்பட்டது என்ற செய்தி வந்தது. களத்திலே போரிடுபவருக்கே உரிய அப்பதக்கத்தைக் கூலந்தால் வாதாடிப் பெற்றுக்கொடுத்தார். அவ்வருட முடிவிலே பிரித்தானிய அரசும் எம்.பி.ஈ. விருதை அவருக்கு அளித்தது.

1945இல் யுத்தம் முடிந்தபின், பூஜோல் ஸ்பானியாவின் ஆவிலா நகரிலே ஒளிந்திருந்த கூலந்தாலைத் தேடிச் சென்று சந்தித்தார். அப்போதும் அவர் வேடத்தைக் கலைக்கவில்லை. அம்மனிதர் அப்போதும் அவரைத் தம் மிகச் சிறந்த ஒற்றரென்றே போற்றினார்.

நாசிகளின் பழிவாங்கலுக்கு அஞ்சிய பூஜோல் 1949இலே தமக்கும் ஒரு மரண அறிவித்தல் தேடிக்கொண்டார். ஆபிரிக்காவின் அங்கோலாவிலே மலேரியாக் காய்ச்சலால் இறந்தார் என்று செய்தி பரவியது. ஸ்பானியாவுக்குத் திரும்பியிருந்த அரசெலியும் பிள்ளைகளும் அதனை நம்பினர். அரசெலி மறுமணம் செய்துகொண்டார். பூஜோலோ தென்னமெரிக்காவின் வெனிசுவேலாவிலே வேறொரு குடும்பத்தோடு, புத்தகக்கடை வைத்து வாழ்ந்துகொண்டிருந்தார். மாஸ்ரர்மன் 1972இலே தம் நூலை வெளியிட்டார்; அதிலும் கார்போ என்ற பெயர் மாத்திரமே இருந்தது.

நைஜல் வெஸ்ற் என்னும் ஆங்கில எழுத்தாளர் தேடித் தேடி 1984இலே அவரைக் கண்டுபிடித்தார். அவ்வாண்டு ஜூன் 6ஆம் திகதி, நோர்மண்டி இறக்கத்தின் நாற்பதாவது ஆண்டு நிறைவன்று, எழுபத்திரண்டு வயதுக் கிழவராகப் பூஜோல் அக்கரையிலே நின்றார். ஸ்பானியாவிலிருந்த பிள்ளைகள், தம் தந்தை உயிரோடிருக்கிறார் என்பதை அவ்வாண்டிலேயே அறிந்தனர்.